பச்சை இகுவானாவுக்குக் கூண்டும் தரைவிரிப்பும்: புதிதாக வளர்ப்போருக்கு ஒரு வழிகாட்டி

இகுவானா வளர்க்க முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும், "கூண்டின் அடியில் எதைப் போடுவது?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான்; ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. முயலுக்கு வைக்கோல் போல, வெள்ளெலிக்கு மரத்தூள் போல, இகுவானாவுக்கும் படுத்துறங்க மெத்தென்று ஏதாவது வேண்டும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பேரோந்தி என்று தமிழில் அழைக்கப்படும் இந்தப் பச்சை இகுவானா மரத்தில் வாழும் விலங்கு. மெக்சிகோவிலிருந்து பிரேசில், பராகுவே வரையிலான நிலப்பரப்பில், ஆற்றோர மரங்களின் உயர்ந்த கிளைகளில் வெயில் காய்ந்து, அங்கேயே இலை தின்று, அங்கேயே உறங்கும். முட்டையிடுவது போன்ற சில தேவைகளுக்காகவே தரைக்கு வரும். ஆகவே கூண்டின் தரை அதற்குப் படுக்கை அன்று; எச்சமும் சிதறிய இலையும் வந்து விழும் இடம். இதை மனத்தில் கொண்டால் எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். அதனால் இந்தக் கட்டுரையில் கூண்டை மேலிருந்து கீழாகக் கட்டிக்கொண்டு வருகிறேன்; தரை கடைசியில் வரும்.

வாங்குவதற்கு முன்

கடையில் நீங்கள் பார்க்கும் குஞ்சு ஒரு சாண் நீளம்தான் இருக்கும். நன்றாகப் பராமரித்தால் அது சில ஆண்டுகளில் வாலோடு சேர்த்து ஐந்து அல்லது ஆறு அடியாக வளரும். எடை நான்கு, ஐந்து கிலோவை எட்டும், பெரிய ஆண்கள் அதையும் தாண்டும். பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை உயிர்வாழும். ஓர் அலமாரி அளவுள்ள கூண்டுக்கு, அத்தனை ஆண்டுகளுக்கு, வீட்டில் நிலையான இடம் தர முடியுமா என்பதை முதலில் வீட்டார் அனைவரோடும் பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் வாங்காமல் இருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

சட்டத்தையும் கவனிக்க வேண்டும். பச்சை இகுவானா, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1977 முதல் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2024-இல் வந்த விதிகளும், இத்தகைய விலங்கை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. விற்பவரிடம் அதற்குரிய ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். ஆவணம் இல்லாத விலங்கை வாங்காதீர்கள். சிங்கப்பூரில் வாழும் வாசகர்கள் கவனிக்க: அங்கே இகுவானாவை வீட்டில் வளர்க்க அனுமதியே இல்லை.

கூண்டு: அகலத்தைவிட உயரம் முக்கியம்

வளர்ந்த ஓர் இகுவானாவுக்கு ஆறு அடி உயரம், ஆறு அடி நீளம், மூன்று அடி ஆழம் என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சுக்கு மூன்றடி உயரமும் மூன்றடி நீளமும் கொண்ட கூண்டு முதலாண்டில் போதும். ஆனால் அது தற்காலிக ஏற்பாடு என்பதை மறந்துவிட்டுப் பெரிய கூண்டைத் தள்ளிப்போடுவதுதான் பலரும் செய்யும் பிழை. தச்சரிடம் சொல்லிச் செய்வதாக இருந்தால் தொடக்கத்திலேயே பெரியதாகச் செய்துவிடுவது செலவையும் குறைக்கும். ஒரு கூண்டில் ஒன்றுதான். இரண்டு ஆண்கள் கடித்துக் காயப்படுத்திக்கொள்ளும். சண்டையே இல்லாவிட்டாலும் வலுத்தது வெயில் காயும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மெலிந்தது வெப்பமும் உணவும் இன்றி மெல்ல நலிந்துபோகும்.

மீன்தொட்டியை இகுவானாவுக்குக் கூண்டாக்காதீர்கள். காற்று ஓடாது, உயரம் இராது, மேலிருந்து கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். காட்டில் இகுவானாவின் பகைவர்களில் முக்கியமானவை வானிலிருந்து பாயும் பறவைகள். மேலிருந்து இறங்கும் கையை அது அப்படித்தான் புரிந்துகொள்ளும். கதவு முன்பக்கம் இருக்க வேண்டும். அதைவிடக் கொடியது, கண்ணாடித் தொட்டியை வெயிலில் வைப்பது: உள்ளே வெப்பம் சில நிமிடங்களில் ஏறி விலங்கைக் கொன்றுவிடும்.

மரச்சட்டம் அல்லது உலோகச்சட்டத்தில் மூன்று பக்கம் பலகையும், முன்பக்கம் கம்பிவலையும் வைத்து அமைப்பது நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. வலை அரை அங்குலக் கண் உடையதாகவும், பிளாஸ்டிக் பூசியதாகவும் இருக்கட்டும். பூச்சில்லாத முரட்டு வலையில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து முகத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். கண் பெரிதாக இருந்தால் நகம் மாட்டி விரல் முறியும். பிளைவுட் பயன்படுத்தினால் நீர் அடிப்படையிலான பாலியூரித்தேன் பூச்சை உட்புறம் முழுவதும் இரண்டு மூன்று முறை அடித்து, வாசனை முற்றிலும் போகும் வரை, குறைந்தது ஒரு வாரமாவது, காற்றாட விடுங்கள். பூசாத பலகை ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பிடிக்கும், கிருமியும் உள்ளே தங்கிவிடும்.

கூண்டை வைக்கும் இடம் நம் கண்மட்டத்துக்கு மேல் இகுவானாவின் அமரும் கிளை வரும்படி இருந்தால் நல்லது. உயரத்தில் இருக்கும்போது அது அச்சமின்றி இருக்கும். சமையலறைப் புகை, கொசுவர்த்தி, பூச்சிமருந்துத் தெளிப்பு ஆகியவை எட்டாத அறையைத் தேர்ந்தெடுங்கள். குளிரூட்டி நேராக வீசும் சுவரும் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடி எதிரே இருக்கக் கூடாது; ஆண் இகுவானா தன் பிம்பத்தை எதிரியாக எண்ணி ஓயாமல் தலையாட்டிச் சோர்ந்துபோகும்.

வெப்பமும் ஒளியும்

இகுவானாவின் உடல்வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. தின்ற இலை குடலில் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிப்பதற்கே வெப்பம் தேவை. எனவே கூண்டின் ஒரு மேல்மூலையில், வெப்பவிளக்கின் கீழ், வெயில் காயும் இடம் 35 முதல் 38 பாகை செல்சியஸ் வரையும், மற்ற இடங்கள் 27 முதல் 32 வரையும் இருக்கட்டும். இரவில் 22-க்குக் கீழே போக வேண்டாம். அது தன் தேவைக்கேற்ப இடம் மாறி அமர வேண்டும் என்பதால் கூண்டு முழுவதையும் ஒரே வெப்பத்தில் வைக்கக் கூடாது. குளிர் இதை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவே சான்று. அங்கே பெருகிவிட்ட இகுவானாக்கள் குளிரில் விறைத்து மரத்திலிருந்து விழக்கூடும் என்று மியாமி வானிலை அலுவலகம் 2020 ஜனவரியில் மக்களை எச்சரித்தது.

சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகலில் வெப்பவிளக்கே தேவைப்படாமல் போகலாம்; அப்போது கவலை எதிர்த்திசையில் இருக்க வேண்டும். அறை 40 பாகையைத் தொடும் நாளில், மூடிய கூண்டு அடுப்பாகிவிடும். கார்த்திகை, மார்கழி இரவுகளுக்கும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற ஊர்களுக்கும் செராமிக் ஹீட்டர் வேண்டும். அது ஒளி தராமல் வெப்பம் மட்டும் தரும். இகுவானாவின் உச்சந்தலையில் ஒளியை உணரும் மூன்றாவது கண் போன்ற உறுப்பு இருப்பதால் இரவில் சிவப்பு விளக்கு உட்பட எந்த விளக்கும் எரியக் கூடாது. ஹீட்டரை, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோடு இணையுங்கள். ஹீட்டரையும் விளக்கையும் கம்பிக்கூடையால் மூடுங்கள். கடைகளில் விற்கும் சூடேறும் கல்லை வாங்கவே வாங்காதீர்கள். வெப்பம் மேலிருந்து வருவதற்குப் பழகிய இந்த விலங்கு வயிற்றின் கீழ் சூடு ஏறுவதை உணர்ந்து விலகாமல் அப்படியே கிடந்து வெந்துபோகும்.

வெப்பத்துக்கு இணையானது புற ஊதா பி (யூவிபி) கதிர். அது இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் உண்ட சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. விளைவு எலும்பு மென்மையாகும் நோய்: தாடை வீங்கி ரப்பர் போலாகும், கால்கள் புடைக்கும், உடல் நடுங்கும். கூண்டின் நீளத்தில் பாதிக்கு மேல் எட்டும் குழல் வடிவ யூவிபி விளக்கை அமரும் கிளைக்கு மேலே, தயாரிப்பாளர் குறித்திருக்கும் தொலைவில் பொருத்தி, நாளுக்கு 12 மணி நேரம் எரிய விடுங்கள். ஒளி தொடர்ந்து எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும் என்பதால் விளக்கின் வகையைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். பொருத்திய தேதியை விளக்கின் முனையிலேயே எழுதி ஒட்டிவையுங்கள். சன்னல் கண்ணாடி வழியாக விழும் வெயில் சூடு தரும், ஆனால் இந்தக் கதிரைத் தராது. "நம் ஊரில் இல்லாத வெயிலா?" என்று விளக்கை வாங்காமல் விட்டு, மூடிய சன்னலோரம் வைத்து வளர்த்தவர்களின் இகுவானாக்கள் தாடை வீங்கிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். நேர்வெயிலில் அரைமணி நேரம் வைப்பது எந்த விளக்கையும்விட மேலானது. அதற்கு வலைக்கூண்டு, பாதி நிழல், அருகிலேயே நீங்கள் என மூன்றும் வேண்டும். காகமும் பருந்தும் பூனையும் காத்திருக்கும்.

கிளைகள்

அமரும் கிளை இகுவானாவின் உடல் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; ஒன்று வெப்பவிளக்கின் கீழ் கிடைமட்டமாகவும், மற்றவை சாய்வாகவும் ஏறி இறங்க வழி தருவனவாகவும் அமையட்டும். திருகாணியால் சட்டத்தோடு இறுக்குங்கள். நான்கு கிலோ எடையோடு ஆறடி உயரத்திலிருந்து கிளை சரிந்தால் எலும்பு முறியும். கொய்யாக்கிளை வலுவானது, பட்டை வழவழப்பானது, பாலும் பிசினும் இல்லாதது. அரளி, எருக்கு, கள்ளி ஆகியவை நஞ்சு; அவற்றின் கட்டையையும் பயன்படுத்தாதீர்கள். மூங்கில் வழுக்கும் என்பதால் கயிறு சுற்றுவார்கள்; சுற்றினால் பிரிந்த இழைகளை வாரந்தோறும் வெட்டிவிடுங்கள், அவை விரலில் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அழகுக்காகச் செடி வைக்க விரும்பினால் செம்பருத்தி வையுங்கள், தின்றாலும் நல்லதே. நம் வீடுகளில் எங்கும் படரும் மணி பிளான்ட் வாயையும் தொண்டையையும் எரிக்கும் ஆக்சலேட் ஊசிகளைக் கொண்டது. அதைக் கூண்டருகிலும் வைக்க வேண்டாம்.

தரை

இனி தரைக்கு வருவோம். இகுவானா உலகை நாக்கால் அறிகிறது. புதிய இடம், புதிய பொருள், நேற்று இருந்து இன்று நகர்ந்த கிண்ணம் என எதையும் நாக்கை நீட்டித் தொட்டு, அதில் ஒட்டிய மணத்துகளை மேலண்ணத்தில் உள்ள உணர்வுறுப்புக்குக் கொண்டுபோய்ச் சோதிக்கிறது. பசிக்காக அன்று, பார்ப்பது போல, முகர்வது போல இடைவிடாமல் நடக்கும் செயல் இது. கீழே உதிரியாக எது கிடந்தாலும் ஒரு நாளில் பல முறை அது நாக்கில் ஒட்டி வயிற்றுக்குள் போகிறது என்றே பொருள். மணலோ தூளோ குடலில் சேர்ந்து கட்டியாகி அடைத்துக்கொண்டால், உண்ணாமை, வயிறு உப்புதல், பல நாள் எச்சமின்மை என்று தொடங்கி, அறுவை சிகிச்சையிலோ சாவிலோ முடியும்.

எனவே விதி ஒன்றுதான்: வாய்க்குள் போகும் அளவுக்குச் சிறிய எதுவும் தரையில் இருக்கக் கூடாது. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரர் காட்டும் பொருள்களை நீங்களே பிரித்துவிடலாம். ஆற்றுமணல், பாலைவன மணல் என்று விற்பது, சுண்ணாம்புச் சத்து மணல், கூழாங்கல், மக்காச்சோளத் தக்கைத்தூள், பூனைக்கான கழிவுமணல் எல்லாம் வேண்டாம். "சுண்ணாம்பு மணல் செரித்துவிடும்" என்று உறைமேல் எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மரத்தூளும் மரச்சீவலும் குடலடைப்போடு இன்னொரு தீங்கையும் செய்யும்: தேவதாரு, பைன் போன்ற மணமுள்ள மரங்களின் எண்ணெய் ஆவி நுரையீரலையும் தோலையும் எரிச்சலூட்டும். மரப்பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் தூள் எந்த மரத்தினது, எந்த மருந்து ஏற்றியது என்பதே தெரியாது. உமியும் வைக்கோலும் இகுவானாவுக்கு வேண்டிய ஈரத்தில் இரண்டே நாளில் பூசணம் பூத்துவிடும்.

தென்னை நார்க்கழிவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள், மலிவாகக் கிடைப்பதால். ஈரத்தை அது நன்றாகத் தாங்கும். தேர்ந்த வளர்ப்பாளர்கள் பெரிய கூண்டுகளில் மண்ணோடு கலந்து, செடி நட்டு, கழிவை மக்கச்செய்யும் பூச்சிகளை விட்டுப் பயன்படுத்துவதும் உண்டு. புதியவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். காய்ந்தால் தூசியாகி மூக்கையும் கண்ணையும் தாக்கும், நனைந்தால் பூசணம், இரண்டு நிலையிலும் நாக்கில் ஒட்டும். அதற்கும் மேலாக, எச்சத்தை மறைத்துவிடும்.

அந்தக் கடைசிக் காரணமே எனக்கு முதன்மையானது. பேச முடியாத இந்த விலங்கு தன் உடல்நிலையைப் பற்றித் தினமும் எழுதித் தரும் ஒரே குறிப்பு அதன் எச்சம். நலமான எச்சத்தில் வடிவமுள்ள பழுப்புப் பகுதியும், யூரேட் எனப்படும் வெண்மையான சிறுநீர் உப்பும், தெளிந்த நீரும் இருக்கும். யூரேட் மஞ்சளாகிக் கல்போல் இறுகினால் நீர் போதவில்லை. பழுப்புப் பகுதி நாள்கணக்கில் கூழாகவே இருந்தால் ஒட்டுண்ணியோ உணவுக்கோளாறோ இருக்கலாம். இரத்தம் தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இதையெல்லாம் வெள்ளைத் தாளில் ஒரே பார்வையில் காணலாம். தூளில் புதைந்தால் காண முடியாது.

ஆகவே தொடங்குபவர்களுக்கு என் தேர்வு தாள்தான். அச்சிடாத வெள்ளைத் தாளோ, பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளோ சிறந்தது; பழைய செய்தித்தாளும் போதும், வழவழப்பான வண்ண இணைப்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அவை நீரை உறிஞ்சா. மூன்று நான்கு அடுக்காக விரித்து, ஓரங்களைப் பலகைச்சட்டம் ஒன்றால் அழுத்திவையுங்கள். ஒட்டுநாடா வேண்டாம், அது தோலில் ஒட்டி உரித்துவிடும். குஞ்சுக்கும் நோயுற்றதற்கும் புதிதாக வந்ததற்கும் முதல் மூன்று மாதங்கள் தாளைத் தவிர வேறெதையும் போடாதீர்கள்.

பெரிய கூண்டில் நாள்தோறும் தாள் மாற்றுவது கடினம் என்றால், வினைல் விரிப்பை ஒரே துண்டாகத் தரைமுழுதும் விரித்து, ஓரங்களில் நஞ்சற்ற சிலிக்கான் பூசி நீர் இறங்காமல் அடைத்துவிடலாம். தரை ஓடு பதிப்பதும் நன்று, ஆனால் இடைவெளிப் பூச்சில் கழிவு தங்காதபடி பார்க்க வேண்டும். செயற்கைப் புல்விரிப்பு பார்வைக்கு அழகு. அதைத் தேர்ந்தால் ஓர இழைகளை உருக்கி அடைத்து, இரண்டு மூன்று துண்டுகள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் துவைத்துக் காயவைக்க வேண்டும். ஈரமான புல்விரிப்பை அப்படியே திரும்பப் போடுவது கிருமிக்குப் பாய்விரிப்பது. துணி விரிப்போர் உண்டு. நகம் நூலை இழுக்கும், நூல் விரலைச் சுற்றும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

உணவுத்தட்டைத் தரையில் வைக்காமல் கிளையருகே ஒரு மேடையில் வையுங்கள். சிந்தும் இலையை எடுக்கக் கீழே வரும்போதுதான் தரைப்பொருள் வயிற்றுக்குள் போகிறது.

ஈரமும் துப்புரவும்

காற்றின் ஈரப்பதம் 65 முதல் 80 விழுக்காடு வரை இருக்கட்டும். கடலோர ஊர்களில் இது எளிது. உள்மாவட்டக் கோடையிலும் குளிரூட்டிய அறையிலும் ஈரப்பதம் வெகுவாகக் குறைந்துவிடும். காலையிலும் மாலையிலும் நீர் தெளியுங்கள்; தெளித்த நீர் அடுத்த வேளைக்குள் காய வேண்டும். ஈரம் குறைந்தால் உரியும் தோல் விரலிலும் வால்நுனியிலும் வளையமாக ஒட்டி இறுகி, அப்பகுதியே கருகி உதிரும். உடல் முழுதும் அமரும் அளவுக்கு ஒரு நீர்த்தொட்டி வையுங்கள். பெரும்பாலான இகுவானாக்கள் நீரில்தான் எச்சமிடும் என்பதால் தரை தூய்மையாக இருக்கும். ஆனால் தொட்டி நீரை நாள்தோறும், அழுக்கானால் உடனே, மாற்ற வேண்டும். கூண்டுப் பலகையில் வெண்பொடி தெறித்திருந்தால் அஞ்ச வேண்டாம்: உடலில் மிகுந்த உப்பை அது தும்மி வெளியேற்றுகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

வாரம் ஒருமுறை இகுவானாவை வேறிடத்தில் வைத்துவிட்டு, தரையையும் தொட்டியையும் சோப்புநீரால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு நீர் கலந்து பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டு, வாடை போகும்வரை அலசிக் காயவையுங்கள். பினாயில் கூடவே கூடாது. நம் வீடுகளில் தரை துடைக்க முதலில் கைக்கு வருவது அதுதான். அதிலுள்ள பீனால் வகை வேதிப்பொருள்கள் ஊர்வனவற்றுக்கு நஞ்சு. நலமாகத் தோன்றும் இகுவானாவின் குடலிலும், மனிதருக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளையும், நோயெதிர்ப்பு குன்றியவர்களையும் அதைத் தொட விடாதீர்கள்.

தூளும் மண்ணும் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பெண் இகுவானா, ஆணே இல்லாவிட்டாலும், இரண்டு மூன்று வயதில் முட்டை கட்டத் தொடங்கலாம். ஒரு முறையில் இருபது, முப்பது, சில நேரம் அதற்கும் மேல். தோண்ட இடமின்றி முட்டையை அடக்கிவைத்தால் உயிருக்கே ஆபத்து. உணவைக் குறைத்து, வயிறு பெருத்து, தரையை ஓயாமல் பிறாண்டினால், அது முழுதும் நுழைந்து திரும்பும் அளவுள்ள மூடிய பெட்டியில் மண்ணும் மணலும் கலந்து, பிடித்தால் உருண்டையாகும் பதத்தில் ஒரு அடி ஆழத்துக்கு நிரப்பிவையுங்கள். இட்டு முடித்ததும் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் அமைத்தபின் இகுவானா இல்லாமலே கூண்டை ஒரு வாரம் ஓட்டிப்பாருங்கள். மேல்கிளையில் ஒன்று, தரையருகில் ஒன்று என இரண்டு வெப்பமானிகளும் ஓர் ஈரப்பதமானியும் வைத்து, விடியற்காலை, நண்பகல், நள்ளிரவு என மூன்று வேளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்தி, எவ்வளவு நேரத்தில் வெப்பம் இறங்குகிறது என்று பாருங்கள். எண்கள் நிலைப்பட்ட பிறகு, ஒரு காலைப் பொழுதில் அதைக் கொண்டுவந்து விடுங்கள். அன்று மாலைக்குள் தாளில் எதுவும் விழாவிட்டாலும் பதற வேண்டாம், இடம் மாறிய அச்சத்தில் சில நாள்கள் உண்ணாமலும் இருக்கும். ஒரு வாரம் கடந்தும் தாள் வெறுமையாகவே இருந்தால், வயிற்றைக் கைகளால் அழுத்திப் பார்க்காமல், ஊர்வனவற்றுக்கு மருத்துவம் செய்யத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.